கொட்டாங்கச்சியில் தக்காளி ஒட்டு நாற்று
(வானொலியில் ஒலிபரப்பான பண்ணைப் பேச்சு)

மாமரத்தில் ஒட்டுக் கட்டுவது உங்களுக்குப் புதிதல்ல. ரோஜாவில் ஒட்டுக் கட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் தக்காளியில் ஒட்டு என்று சொன்னால், "என்ன சார், நாலு மாசத்துப் பயிருக்கு ஒட்டா?" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்க வேண்டியதில்லை. ஜப்பானில் 1920களின் பின்பகுதியிலேயே தர்பூசணியைப் பூசணி, சுரை இனங்களின் வேரில் ஒட்டிச் சாகுபடி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், கத்தரி வேரில் தக்காளியை ஒட்டி மழைக்காலத்தில் நடும் முறையைப் பல நாட்டு விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. நம் தமிழ்நாட்டிலும் சுண்டைக்காய் வேரில் ஒட்டிய கத்தரி நாற்றை இன்று விவசாயிகள் விலை கொடுத்து வாங்கி நடுகிறார்கள்.

இந்த ஒட்டு நாற்றை வீட்டுத் திண்ணையில், கைக்குக் கிடைத்த பாத்திரங்களை வைத்து நாமே எப்படித் தயாரிக்கலாம் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஏன் இந்தச் சிரமம்? ஒரு சம்பவம் சொல்கிறேன். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பெரியவர். அரை ஏக்கர் தக்காளி. செடி பூவும் பிஞ்சுமாக நின்றது. திங்கட்கிழமை பத்துச் செடி பகலில் துவண்டது, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது. வெயில் தாங்கவில்லை போல என்று தண்ணீர் கட்டினார். வியாழக்கிழமை அந்தப் பத்தும் நிமிரவில்லை. தண்ணீர் போன வாய்க்கால் வழியே அடுத்த வரிசைகளும் துவண்டன. இலை பச்சையாகவே இருக்கிறது, செடி செத்துக் கொண்டிருக்கிறது. "உரமும் போட்டேன், மருந்தும் அடிச்சேன். நகையை வெச்சு வாங்கின பணம் சார்" என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் போனபோது பாதிக்கு மேல் போய்விட்டது. அந்தப் பயிரைக் காப்பாற்ற என்னிடம் மருந்து இல்லை. எவரிடமும் இல்லை. அது பாக்டீரியா வாடல் நோய். அந்தக் கிருமி மண்ணில் இருந்து வேர் வழியாக ஏறி, செடியின் நீர்க் குழாய்களை அடைத்துவிடும். மேலே என்ன தெளித்தாலும் அங்கே போய்ச் சேராது.

உங்கள் வயலிலும் செடி வாடுகிறதா? முதலில் எந்த வாடல் என்று கண்டுபிடியுங்கள். புதிதாக வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெள்ளை நூல் போல, பால் கசிவது போல இறங்கினால் அது பாக்டீரியா வாடல். கசிவு இல்லாமல், அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் அது பூஞ்சாண வாடல். செடியைப் பிடுங்கினால் வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. இலை சுருண்டு குட்டையானால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அதற்கு ஒட்டு நாற்று பரிகாரம் ஆகாது. இதை நன்றாக நினைவில் வையுங்கள். ஒட்டு நாற்று காப்பாற்றுவது வேரை. இலைக்கும் காய்க்கும் வருகிற நோய்க்கும் பூச்சிக்கும் வழக்கமான பாதுகாப்பு வேண்டும்.

சரி, எந்த வேர்? பாக்டீரியா வாடலுக்கும், பூஞ்சாண வாடலுக்கும், தண்ணீர் தேங்குவதற்கும் கத்தரி வேர் நல்லது. வயலில் தண்ணீர் ஒரு நாள், இரண்டு நாள் நின்றாலே தக்காளி வேர் திணறும். கத்தரி வேர் அதைவிட அதிக நாள் தாக்குப் பிடிக்கும். 2021 நவம்பர் மழையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். அந்த விலையில் விற்க யாரிடம் காய் இருந்தது? மழையில் செடியைக் காப்பாற்றியவரிடம்தான்.

ஆனால் எல்லாக் கத்தரியும் ஆகாது. சில நாட்டுக் கத்தரிகளே வாடல் நோயில் சாகும். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா நிதி, அர்கா கேசவ், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சூர்யா, ஹரிதா ஆகியவை பாக்டீரியா வாடலைத் தாங்கும் கத்தரி ரகங்கள். இவற்றில் கிடைப்பதை வாங்குங்கள். உங்கள் வயலில் நூற்புழுதான் பிரச்சினை என்றால் கத்தரி வேர் போதாது. கத்தரியையும் நூற்புழு தாக்கும். அங்கே சுண்டைக்காய்ச் செடியின் வேர்தான் வேண்டும். சுண்டை விதை முளைக்க நாள் பிடிக்கும். ஒரே நாளில் முளைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும். அதை ஒரு மாதம் முன்னதாகவே விதைக்க வேண்டும். முதல் முறை செய்கிறவர்கள் கத்தரியில் கை பழகிவிட்டு அப்புறம் சுண்டைக்குப் போவது நல்லது.

இனி பாத்திரங்களுக்கு வருவோம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒட்டுக் கட்டின பிறகு கீழே இருக்கப் போவது கத்தரியின் வேர். வயலில் நடும் வரை அதை அசைக்கக் கூடாது. அதனால் கத்தரிக்குச் செடிக்கு ஒரு பாத்திரம் வேண்டும். தக்காளியின் வேரையோ நாம் வெட்டி எறியப் போகிறோம். அதைப் பழைய பேசினிலோ, ஓட்டை வாளியிலோ, எண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டியோ கூட்டமாக விதைக்கலாம். வரிசைக்கு வரிசை நாலு விரற்கடை இடைவெளி இருந்தால் தண்டு கனமாக வரும். நெருக்கி விதைத்தால் நூலாக வளர்ந்து கத்தரித் தண்டோடு பொருந்தாது.

கத்தரிக்குப் பாத்திரம் வாங்க வேண்டாம். அரை லிட்டர் பால் பாக்கெட்டை மேலே வெட்டி, கழுவி, அடியில் மூன்று துளை போடுங்கள். தேங்காய்க் கொட்டாங்கச்சியில் கண் உள்ள பாதியை எடுத்து, மெல்லிய கண்ணை ஆணியால் குத்திவிட்டால் தண்ணீர் வடிய வழி ஆயிற்று. செய்தித்தாளை ஒரு தம்ளரைச் சுற்றி இரண்டு மடிப்பாக உருட்டி, அடியை மடித்து உருவினால் காகிதத் தொட்டி. அதை அப்படியே மண்ணில் நட்டுவிடலாம். டீக்கடைக் காகிதக் கோப்பையும் ஆகும். எதுவானாலும் அடியில் துளை கட்டாயம். தண்ணீர் வடியாத பாத்திரத்தில் நாற்று அழுகிப் போகும்.

மண் கலவை: மக்கிய தென்னை நார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிச் சலித்த தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. பச்சை நார்க் கழிவில் உப்பு இருக்கும். மக்கியதை மட்டும், அதையும் இரண்டு தடவை தண்ணீரில் அலசிப் போடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு பயிர் வாடின நிலத்து மண்ணை மட்டும் ஒரு கைப்பிடி கூடச் சேர்க்காதீர்கள். எந்தக் கிருமிக்குப் பயந்து இவ்வளவு பாடுபடுகிறோமோ, அதை நாமே தொட்டியில் போட்டு வளர்த்த மாதிரி ஆகிவிடும்.

விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம் கணக்கு. உங்கள் சின்னப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால் போதும். தக்காளி விதை ஒரு கிராமில் சுமார் 300 இருக்கும். நூறு ஒட்டு நாற்று வேண்டுமானால் கத்தரியில் நூற்றைம்பது, தக்காளியில் நூற்றைம்பது வளருங்கள். பொருந்தாதவை கழியும், பிழைக்காதவை கழியும்.

கத்தரி மெதுவாக வளரும், தக்காளி வேகமாக வளரும். எனவே கத்தரியை முதலில் விதைத்து, 3 முதல் 5 நாள் கழித்துத் தக்காளியை விதையுங்கள். நான் ஒரு வழி செய்கிறேன்: தக்காளி விதையை இரண்டாகப் பிரித்து, பாதியை மூன்றாம் நாளும், மீதியை ஏழாம் நாளும் விதைக்கிறேன். எந்தத் தவணை கத்தரியோடு சமமாக வருகிறதோ, அதை எடுத்துக் கொள்ளலாம். விதை செலவு கொஞ்சம் கூடும். தவணை தவறி எல்லாம் வீணாவதை விட இது மேல்.

நாற்று முளைத்ததும் வெளிச்சம் வேண்டும். வீட்டுக்குள் இருட்டில் வைத்தால் இழுத்துக் கொண்டு வளரும். வெள்ளை ஈ வராமல் 50 கண் நைலான் வலையால் மூடுங்கள். பழைய கொசுவலையில் வெள்ளை ஈ தாராளமாக நுழைந்துவிடும், அதை நம்பாதீர்கள்.

தக்காளி விதைத்து மூன்று, நாலு வாரத்தில் இரண்டுக்கும் இரண்டு மூன்று நிஜ இலைகள் வந்திருக்கும். தண்டு தீக்குச்சிக் கனம் வந்ததும் ஒட்டுக் கட்டலாம். வெயில் தாழ்ந்த பிறகு நிழலில் உட்காருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பீடி குடிக்கிறவர்கள், புகையிலை போடுகிறவர்கள் இரண்டு தடவை கழுவுங்கள். புகையிலையில் உள்ள நச்சுயிரி கை வழியாகத் தக்காளிக்குத் தொற்றும். புது சவர பிளேடு ஒன்று, அதைத் துடைக்க ஸ்பிரிட் நனைத்த பஞ்சு, ஒட்டுக் கட்டும் சிறிய கிளிப்புகள், தென்னை ஈர்க்கு, கைத்தெளிப்பான். இவ்வளவுதான் கருவி. கிளிப்பை நாற்றுப் பண்ணைக்குச் சாமான் விற்கிற கடைகளில் கேளுங்கள்.

கத்தரியை வித்திலைகளுக்கு மேலே, தண்டின் மேல் சாய்வாக ஒரே இழுப்பில் வெட்டுங்கள். தக்காளியில் அதே கனம் உள்ள இடத்தைப் பார்த்து, அதே சாய்வில் வெட்டுங்கள். தக்காளியின் பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, குருத்தும் ஓரிரு சின்ன இலையும் மட்டும் விடுங்கள். வெட்டு காயும் முன்னே இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்துக் கிளிப் போடுங்கள். பக்கத்தில் ஒரு ஈர்க்கை ஊன்றித் தாங்கல் கொடுங்கள். கிளிப் கிடைக்காதவர்கள் மாமரத்துக்குச் செய்கிற ஆப்பு ஒட்டு முறையில் செய்யலாம். கத்தரித் தண்டை நடுவில் அரை அங்குலம் பிளந்து, தக்காளியை ஆப்பு போலச் சீவிச் செருகி, மெல்லிய பாலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்டுங்கள். இறுக்கம் வேண்டும், நசுக்கக் கூடாது.

எங்கள் பயிற்சிக்கு வந்த ஓர் அம்மா, சந்தைக்குப் பூத் தொடுத்துக் கொடுக்கிறவர். அவர் கட்டின ஒட்டில் பெரும்பாலும் பிழைத்தது. நான் கட்டினதில் அவ்வளவு பிழைக்கவில்லை. "முல்லைக் காம்பைப் பிடிக்கிற மாதிரி புடிக்கணும் சார், மண்வெட்டியைப் புடிக்கிற மாதிரி புடிச்சா எப்படி?" என்றார். அவர் சொன்னதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அடுத்தது ஒட்டுக் கூடுகிற காலம். இங்கேதான் அதிகம் பேர் தோற்கிறார்கள். நானும் தோற்றேன். முதல் தடவை அறுபது ஒட்டுக் கட்டி, பாலித்தீன் மூடி வைத்தேன். ஆர்வம் தாங்காமல் மணிக்கொரு தரம் திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் எல்லாம் கருகித் தலை சாய்ந்துவிட்டன. காரணம் எளிது. தக்காளிக் குருத்துக்கு அப்போது வேர் இல்லை. கத்தரி வேரிலிருந்து தண்ணீர் ஏறும் பாதை கூட நாலைந்து நாள் ஆகும். அதுவரை காற்றில் உள்ள ஈரம்தான் அதற்குத் தண்ணீர். நான் மூடியைத் திறந்து திறந்து அந்தத் தண்ணீரைத்தான் பறித்துக் கொண்டிருந்தேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி, செங்கல் பரப்பி, அதன் மேல் நாற்றுகளை வையுங்கள். தொட்டிகளின் அடி தண்ணீரில் முங்கக் கூடாது. மூங்கில் பிளாச்சை வளைத்துக் கூடு கட்டி, கண்ணாடி போன்ற பாலித்தீனால் மூடி, ஓரத்தில் கல் வையுங்கள். அதன் மேல் நனைத்த சாக்கைப் போடுங்கள். இடம் வீட்டுக்குள்ளோ, மாட்டுக் கொட்டகையின் குளிர்ந்த மூலையிலோ இருக்கட்டும். உள்ளே 25 முதல் 30 டிகிரி வெப்பம் நல்லது. நாலைந்து நாற்று மட்டும் செய்கிறவர்கள் பெரிய தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்தால் போதும்.

முதல் மூன்று நாள் திறக்கவே கூடாது. பாலித்தீனின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். நாலாம் நாள் சாக்கை எடுத்துவிட்டு, காலையிலும் மாலையிலும் கால் மணி நேரம் திறங்கள். ஐந்தாம், ஆறாம் நாள் அரை மணி, ஒரு மணி என்று கூட்டுங்கள். தலை துவண்டால் பயப்படாமல் லேசாகத் தண்ணீர் தூவி மறுபடி மூடுங்கள். ஏழு, எட்டாம் நாளில் முழுக்கத் திறந்து நிழலில் வைக்கலாம். அதன்பின் ஒரு வாரம், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கி, வயலுக்குக் கொண்டு போகலாம். முதல் முறையில் பாதி பிழைத்தால் சந்தோஷப்படுங்கள். அடுத்த முறை கூடும்.

காலக் கணக்கைப் பாருங்கள். கத்தரி விதைத்ததிலிருந்து நடவு வரை சுமார் 45 நாள். ஆவணி முதல் வாரம் விதைத்தால் புரட்டாசிக்குள் நட்டுவிடலாம். ஐப்பசி மழைக்கு முன்னே செடி வேர் பிடித்து நிற்கும்.

இனி வயலில் செய்ய வேண்டியது. இதைக் கவனமாகக் கேளுங்கள். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். பிறகு மண் அணைக்கும்போதும் ஒட்டை மூடக் கூடாது. தக்காளித் தண்டில் மண் பட்டால் அங்கே சொந்த வேர் விடும். அந்த வேர் வழியாக நோய் உள்ளே போய்விடும். ஒரு தம்பி எல்லாம் ஒழுங்காகச் செய்தார். முப்பதாம் நாள் பழைய வழக்கப்படி ஆளை விட்டு மண்ணை ஒட்டுக்கு மேலே அணைத்துவிட்டார். அணைத்த வரிசைகள் வாடின. ஆள் வராததால் அணைக்காமல் விட்ட இரண்டு வரிசை மட்டும் கடைசி வரை காய்த்தது. கூலி கொடுத்து நோயை அழைத்த கதை அது. இதே காரணத்துக்காகச் செடியைத் தரையில் படர விடாமல் குச்சி நட்டுக் கட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே கத்தரித் துளிர் வந்தால் உடனே கிள்ளுங்கள். விட்டால் சத்தை அது தின்றுவிடும்.

கோடையில் தண்ணீர் குறைவான நிலத்தில் கத்தரி வேர்த் தக்காளி வேண்டாம். அங்கே காயின் அடி கருத்து அழுகும் கோளாறு கூடுதலாக வரும். வாடல் உள்ள நிலம், மழைக்காலம், இந்த இரண்டுக்கும்தான் இது ஏற்றது. வாடல் நிலத்தில் நெல், கேழ்வரகு, மக்காச்சோளம் என்று பயிரை மாற்றி வருவதையும், வாடின செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

"கத்தரி வேரில் நின்றால் காயும் கத்தரி மாதிரி ஆகுமா?" என்று கேட்கிறார்கள். ஆகாது. நாட்டு மாவின் மேல் மல்கோவா ஒட்டினால் மல்கோவாதான் காய்க்கிறது அல்லவா? அது போலத்தான். அந்தப் பழத்தின் விதையை எடுத்து விதைத்தால் ஒட்டு இல்லாத சாதாரணத் தக்காளிதான் வரும். அடுத்த பயிருக்கு மறுபடியும் ஒட்டுக் கட்ட வேண்டும்.

எடுத்த எடுப்பில் ஒரு ஏக்கருக்குச் செய்யாதீர்கள். இந்த ஆவணியில் ஐம்பது நாற்று செய்யுங்கள். செடி வாடிப் போன அதே இடத்தில், இரண்டு வரிசை ஒட்டு நாற்றும், பக்கத்தில் ஒரு வரிசை சாதா நாற்றும் நடுங்கள். எது நிற்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம், செடி சொல்லட்டும்.

ராயக்கோட்டைப் பெரியவர் மறு வருஷம் அப்படித்தான் செய்தார். அவர் வீட்டுத் திண்ணையில் வரிசையாகக் கொட்டாங்கச்சி. "பேரப்பிள்ளைங்க சொப்பு வெச்சு விளையாடுறாங்களாக்கும்னு ஊர்ல கேக்கறாங்க சார்" என்றார். அந்த மழைக்கு அவருடைய இரண்டு வரிசை நின்றது. பெரிய வருமானம் இல்லை, இரண்டு வரிசைதானே. ஆனால் தக்காளியே வேண்டாம் என்று இருந்தவர், வைத்த நகையை மீட்கிற கணக்கைப் போட ஆரம்பித்தார்.

சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைப் பாருங்கள். வாடின செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, பாலித்தீன் பையில் கட்டி எடுத்துப் போங்கள். வாயால் சொல்வதைவிட அந்தச் செடி சரியாகச் சொல்லும்.